மொதலாளி வரணும்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. தொழிலதிபர்களுக்கென்று வரும் ஒரு மாத இதழின் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: ‘மாற்றத்தை எதிர்க்கும் மனதைப் பயிற்சியால் வெல்வது எப்படி?’ படிக்கிறவர்கள் எல்லாரும் நிறுவனத் தலைவர்கள், நேரம் இல்லாதவர்கள், அதனால் குறிப்புக் குறிப்பாக இருக்கட்டும் என்றார். நானும் சம்மதித்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

“இன்றைய போட்டி மிகுந்த வணிகச் சூழலில் ஒரு தலைவர் முதலில் தன்னைத்தானே—”

அங்கேயே நின்றுவிட்டது. அந்த வாக்கியத்துக்குள் ஆளே இல்லை. ஷெட்டில் நிற்கும் காலி பஸ் போல இருந்தது.

காலி பஸ் என்று நினைத்ததும் நிறைந்த பஸ் ஒன்று ஞாபகம் வந்தது. எழுபதுகளின் கடைசியில் ஓர் ஆடி மாதம், தென்காசி பஸ் ஸ்டாண்டில், குற்றாலம் போகும் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றார்கள். டிரைவர் அவர் இடத்தில் இருந்தார். என்ஜின் ஓடியது. கண்டக்டர் விசிலும் ஊதிவிட்டார். பஸ் நகரவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் என்ன விஷயம் என்று கேட்க, கண்டக்டர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: “மொதலாளி வரணும்.”

மொதலாளி எங்கே போயிருந்தார், எப்போது வந்தார், வந்து என்ன செய்தார், எதுவும் எனக்குத் தெரியாது. சாரல் ஜன்னல் வழியாக மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் தூங்கிப்போனேன். விழித்தபோது குற்றாலம் வந்திருந்தது. என் கைவசம் இருப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் அந்தத் தூக்கத்திலிருந்து எடுத்தது.

2

அந்த மொதலாளிக்கு சிவனணைந்தபெருமாள் என்று பெயர் வைக்கிறேன். நீளம்தான். ஆனால் அந்தப் பக்கத்தில் யாரும் அதை முழுதாகக் கூப்பிடப் போவதில்லை.

முதல் தொடக்கம்: “சிவனணைந்தபெருமாள் கொடுமைக்காரர் அல்ல.”

(அடித்துவிட்டேன். அல்ல என்று தொடங்கினால் ஆமாம் என்றுதான் படிப்பீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்: “சாரல் பெய்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், பேராச்சி மோட்டார் சர்வீஸின் உரிமையாளர், மேற்கே மேகம் மூடிய மலையைப் பார்த்தபடி, எதிர்காலத்தைப் பற்றி”

(இதுவும் வேண்டாம். அவர் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கிறவராக இருந்தால் இந்தக் கதையே தேவைப்படாது.)

சரி. நேராகவே சொல்கிறேன்.

பேராச்சி மோட்டார் சர்வீஸுக்கு நாலு பஸ்கள். குற்றாலம், செங்கோட்டை, இலத்தூர், வடகரை என்று சுற்றுவட்டாரத்தில் ஓடின. சிவனணைந்தபெருமாளின் அப்பா உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய ஒற்றைக் கரி வண்டியோடு ஆரம்பித்த கம்பெனி. மகனுக்கு இப்போது ஐம்பது வயது. முதல் வண்டி புறப்படுவதற்கு முன்பே ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். டைம் கீப்பர் அறைக்குப் பக்கத்தில் ஓர் இரும்பு நாற்காலி. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் பித்தளை விசில். கண்டக்டர் ஊதுவது பயணிகளுக்கு, மொதலாளி ஊதுவதுதான் டிரைவருக்கு. பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். டயரைப் பார்ப்பார், பின்படியைப் பார்ப்பார், அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். பிறகு ஊதுவார். அவர் டீ குடிக்கப் போயிருந்தால் பஸ் காத்திருக்கும். சம்பந்தி வந்து பேச்சுக் கொடுத்தாலும் பஸ் காத்திருக்கும்.

ஷெட்டிலும் அப்படித்தான். மெக்கானிக் ஒரு நட்டை மாற்றினாலும், டிரைவர் ஒருவர் மச்சினன் கல்யாணத்துக்குப் போனாலும், சீட்டுக்கு என்ன நிறத்தில் ரெக்ஸின் போடுவது என்றாலும், அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவருக்கு அது பெருமையாகக்கூடத் தெரியவில்லை. மூச்சு விடுவதில் யாருக்கும் பெருமை கிடையாது அல்லவா, அந்த மாதிரி.

அந்த வருடங்களில் அரசாங்க பஸ்கள் பெருகிக்கொண்டிருந்தன. அங்கே டிரைவர்கள் தேவைப்பட்டார்கள். பேராச்சி சர்வீஸிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர் போனார்கள். முதல் ஆள் போனதும் மொதலாளி மற்றவர்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினார். கூட்டிய பிறகுதான் இரண்டாவது ஆள் போனார். அது அவருக்கு விளங்கவே இல்லை. இப்போது சங்கிலிப்பாண்டியும் மனுப் போட்டிருப்பதாக ஒரு பேச்சு அடிபட்டது. சங்கிலிப்பாண்டி அவருடைய அப்பா காலத்தில் கிளீனராக வந்து சேர்ந்து, டிரைவராகி, இன்றைக்கு மற்ற டிரைவர்கள் முகம் பார்த்து நடக்கும் ஆள். அவர் போனால் மற்றவர்களும் போவார்கள். பஸ் இருக்கும், ஓட்ட ஆள் இருக்காது.

3

அந்த நேரத்தில் அவருக்கு வந்து சேர்ந்தது ஓர் இங்கிலீஷ் பேச்சு. மதுரையில் பஸ் உரிமையாளர்கள் சங்கத்தின் ஆண்டு விழா. பம்பாயிலிருந்து விருந்தாளி வருகிறார், வரவேற்புரை இங்கிலீஷில் இருந்தால் மரியாதை என்று முடிவாகி, இருக்கிறவர்களில் மூத்தவர் என்று இவர் பெயரைப் போட்டுவிட்டார்கள். இவர் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர். தன்னால் முடியாது என்று சொல்வது அவர் வழக்கத்திலேயே இல்லாததால் ஒப்புக்கொண்டுவிட்டார்.

கோயில் பக்கத்துத் தெருவில் ஒரு மாடிப்படியின் ஓரமாகப் பலகை தொங்கியது: ‘அகிலா தட்டச்சு நிலையம். லோயர், ஹையர். ஆங்கிலம் கோச்சிங் அளிக்கப்படும்.’ (இதழாசிரியர் தலைப்பில் கேட்ட ‘பயிற்சி’யை அந்தக் காலத் தென்காசியில் வைக்க எனக்கு வேறு இடம் கிடைக்கவில்லை.) நிலையத்தை நடத்தியவர் அகிலாண்டேஸ்வரி டீச்சர். நாற்பது தாண்டியவர், கணவர் தபால் இலாகாவில் வடக்கே எங்கோ. மதிய நேரத்தில் மாணவிகள் குறைவு. அப்போது வரச் சொன்னார்.

மொதலாளி மாடி ஏறியபோது நாலைந்து மெஷின்கள் ஒன்றாகத் தட்டிக்கொண்டிருந்தன. வெளியே சாரல். தகரக் கூரையில் விழுவது மழையா எழுத்தா என்று பிரித்துக் கேட்க முடியவில்லை. அவருக்குக் கண்ணைச் சொக்கியது. வேலை நேரத்தில் அவருக்குத் தூக்கம் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

டீச்சர் அவரிடம் புத்தகம் எதையும் நீட்டவில்லை. காலையிலிருந்து என்னென்ன பேசினார் என்று தமிழிலேயே சொல்லச் சொன்னார். அதையே இங்கிலீஷில் கற்றுக்கொண்டால் போதும், தெரியாத பேச்சை ஏன் பேச வேண்டும் என்றார். மொதலாளி யோசித்து யோசித்துச் சொன்னார். வண்டியைப் பின்னால எடு. மூட்டையை எறக்கு. அங்கன நிக்காத. சொன்னதைச் செய். போ. டீச்சர் ஒவ்வொன்றையும் கரும்பலகையில் இங்கிலீஷில் எழுதினார். பலகை நிறைந்ததும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்.

“இதுல ஒரு கேள்விகூட இல்லையே.”

மொதலாளிக்கு ரோஷம் வந்தது. தான் கேட்பது உண்டு என்றார். வண்டி பிந்தி வந்தால் ஏன் லேட்டு என்று கேட்கிறவர்தானே.

“அது கேள்வி இல்லை,” என்றார் டீச்சர். “அது அடி.”

அடுத்த பாடம் கேள்வி வாக்கியங்கள். அதற்கு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் யாரிடமாவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். கேள்வியையும் பதிலையும் கொண்டுவந்தால் இரண்டையும் இங்கிலீஷாக்கித் தருவார். ஒரே ஒரு நிபந்தனை.

“பதில் தெரிஞ்ச கேள்வியா இருந்தா நான் எடுத்துக்க மாட்டேன். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டுண்டு வாங்கோ.”

4

மறுநாள் காலை, கண்டக்டர் முகம்மது கனியைக் கூப்பிட்டு மொதலாளி கேட்டார்: “காலையில என்ன சாப்பிட்ட?”

கனி நடுங்கிப்போனார். “இனிமே லேட்டா வர மாட்டேன் மொதலாளி,” என்றார்.

மெக்கானிக்கிடம் போய், இந்த என்ஜினை என்ன செய்தால் நல்லது என்று கேட்டார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, நீங்கள் சொல்லுகிறபடி செய்கிறேன் என்றார். வடகரை டிரைவரிடம் பாதை எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, மோசமாகத்தான் இருக்கும் என்று தானே பதிலும் சொல்லிவிட்டார். சாயங்காலத்துக்குள் ஷெட்டில் செய்தி பரவிவிட்டது. மொதலாளி கம்பெனியை விற்கப் போகிறார், ஆளை எடை போடுகிறார். மொதலாளியின் ஏச்சுக்குப் பயப்படாதவர்கள் அவர் கேள்விக்குப் பயந்தார்கள். சங்கிலிப்பாண்டி மட்டும் நேரே வந்து நின்று, எவன் சீட்டைக் கிழிக்கப் போறீக, சொல்லிட்டா நாங்க வேற எடம் பாத்துக்கிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டிலும் இதே கதி. சாப்பிட்டு எழுந்தவர் மனைவி ஆவுடைத்தாயிடம் உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். அந்த அம்மாள் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவர் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள்.

“மேலுக்குச் சொகமில்லையா?”

(இந்த இடத்தில் இதழாசிரியரை நினைத்துக்கொண்டேன். மாற்றத்தை எதிர்க்கும் மனது என்று அவர் ஒரு மனதைச் சொன்னார். எழுத எழுத அது ஒரு மனதாக இல்லை. மொதலாளி மாறவே மாட்டார் என்று நம்பி அதற்குத் தகுந்தபடி தங்களை வளைத்து வைத்துக்கொண்டவர்கள் ஒரு ஷெட் நிறைய இருந்தார்கள். அவர் அசைந்தால் அவர்கள் எல்லாரும் அசைய வேண்டும். இதைக் குறிப்பாக எழுதலாமா என்று பார்த்தேன். கதைக்குள்ளேயே இருக்கட்டும்.)

டீச்சர் வீட்டுப்பாடத்தைக் கேட்டுவிட்டு, பாதிக் கேள்விக்குப் பதிலையும் நீங்களே சொல்லிட்டேளே என்றார். கேட்டதும் நாக்கை மடக்கிப் பல்லுக்குள் வைத்துக்கொள்ளுங்கள், எதிராளி பேசுகிறவரை எடுக்காதீர்கள் என்றும் சொன்னார். ஐம்பது வயது மனிதர் படி இறங்கும்போது நாக்கை மடக்கிப் பார்த்துக்கொண்டே இறங்கினார்.

5

எனக்கு இந்த டீச்சர்மேல் சந்தேகம்.

எல்லாம் தெரிந்தவராக வருகிறார். அளந்து பேசுகிறார். இப்படிப்பட்டவர்களை நான் வாழ்க்கையில் சந்தித்ததில்லை, சந்தித்திருந்தாலும் பிடித்திருக்காது. கதையிலிருந்து அவரை எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். “அகிலாண்டேஸ்வரி உண்மையில் ஒரு—” என்று ஒரு பத்தியைத் தொடங்கி, கிழித்துப் போட்டேன். அப்புறம் ஒருநாள் மதியம் அவரை ஒளிந்திருந்து பார்ப்பதுபோல எழுதிப் பார்த்தேன். அப்போது அவர் கையில் ஓர் அடிஸ்கேல் இருந்தது.

மொதலாளி படியேறி வந்த நேரம். கடைசி மெஷினில் வள்ளித்தாய் என்ற பெண் தட்டிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் அடிக்க வேண்டிய எழுத்தை மோதிர விரலால் அடித்தாள். ஸ்கேல் விரல் முட்டியில் விழுந்தது. மறுபடி அடித்தாள், மறுபடி விழுந்தது. டீச்சர் முகத்தில் கோபமே இல்லை. பழக்கம்.

மொதலாளி செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார்.

“டீச்சரம்மா, அந்தப் பிள்ளை ஏன் அந்த வெரலால அடிக்குதுன்னு கேட்டீகளா?”

“தப்பான விரல்.”

“அது எனக்கே தெரியுது. ஏன்னு கேட்டீகளா?”

மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. டீச்சர் அந்தப் பெண்ணிடம் திரும்பிக் கேட்டார். வள்ளித்தாய் சுண்டுவிரலைத் திருப்பிக் காட்டினாள். அரிவாள்மனையில் மீன் அறுத்தபோது பட்ட வெட்டு, இன்னும் ஆறவில்லை. சொன்னால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவீர்கள், பரீட்சை வருகிறது, அதனால் சொல்லவில்லை என்றாள்.

அன்றைக்கு வகுப்பு நடக்கவில்லை. இன்னிக்கு இது போதும் என்று டீச்சர் பலகையைத் துடைத்துவிட்டார். ஸ்கேலை அலமாரிக்குள் வைத்தார். மறுநாள் மறுபடி வெளியே எடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவரை நான் நம்ப ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

மொதலாளி ஸ்டாண்டுக்கு நடந்து திரும்பும்போது கோயில் வாசலில் காற்று வேட்டியை இழுத்தது. தெரியாத ஒன்றைத் தான் கேட்டது அதுதான் முதல் தடவை என்று அவருக்குத் தோன்றவில்லை. காலில் செருப்பு லேசாக இருப்பதுபோல மட்டும் இருந்தது.

6

இந்த இடத்தில் ஒரு வெள்ளம் எழுதினேன். சிற்றாறு பெருகுகிறது, தரைப்பாலத்தில் பஸ் நிற்கிறது, மொதலாளி உத்தரவு இல்லாமல் திருப்ப டிரைவருக்குத் தைரியம் இல்லை, தண்ணீர் படியேறுகிறது. நன்றாகத்தான் வந்தது. பெண்களின் கூச்சல், மிதக்கும் கூடைகள், எல்லாம் இருந்தன. பக்கங்களைத் திரும்பப் படித்தபோது, அவரை மாற்ற எனக்கு ஓர் ஆறு தேவைப்படுகிறதா என்று வெட்கமாக இருந்தது. தூக்கிப் போட்டுவிட்டேன். அன்றைக்கு ஆற்றில் முழங்கால் தண்ணீர்தான்.

நடந்தது இது. மதியம் ஷெட்டில் ஒரு பஸ் ஓய்வாக நின்றது. சங்கிலிப்பாண்டி உள்ளே ஒரு சீட்டில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். மொதலாளி ஏறி எதிர்ச் சீட்டில் உட்கார்ந்தார். சங்கிலிப்பாண்டி எழப் போனார், இவர் கையமர்த்தினார். மனுப் போட்டது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றார் அவர். ஏன் என்று கேட்டார். கேட்டுவிட்டு நாக்கை மடக்கிக்கொண்டார்.

கூரையில் சாரல் விழுந்தது. நிற்கும் பஸ்ஸுக்குள் இருவர் பயணிகளைப் போல உட்கார்ந்திருந்தார்கள். ஈரத் துணி வாசனையும் டீசல் வாசனையும் கலந்து, நேரம் எங்கேயோ போய்விட்டது. மொதலாளிக்குப் பல் வலித்தது.

“சம்பளத்துக்கு இல்ல மொதலாளி,” என்றார் சங்கிலிப்பாண்டி, கடைசியில். “இத்தன வருசமா ஓட்டுதேன். ஒருநாளாவது வண்டியை நான் எடுக்கல. நீங்கதான் எடுக்குதீக. நான் ஸ்டீரிங்கைப் பிடிச்சிக்கிட்டு கூட வாரேன், அவ்வளவுதான்.”

காது மடலிலிருந்து சூடு ஏறியது மொதலாளிக்கு. கிளீனராக வந்தவனை டிரைவராக ஆக்கியது யார்? பொண்டாட்டி பிரசவத்துக்கு ஓடி வந்தது யார்? அந்த வாக்கியங்கள் அவர் வாய் வரை வந்தன, என் பேனா வரைக்கும் வந்தன. அவர் பேசாமல் இறங்கி, குடை எடுக்காமல் நடந்து, நேரே அந்த மாடிப்படியை ஏறினார்.

டீச்சரிடம் கேள்வியைச் சொன்னார், பதிலையும் அப்படியே சொன்னார். டீச்சர் சாக்பீஸை எடுத்துப் பலகையில் பாதி எழுதி நிறுத்தினார். அழித்து வேறு மாதிரி எழுதினார். வண்டியை எடுத்தல் என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொன்னாலும் யாரோ பஸ்ஸைத் திருடிக்கொண்டு போனதுபோல வந்தது. ஓட்டுவது வேறு, கிளப்புவது வேறு, எடுப்பது வேறு. இருவரும் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“இதுக்கு எனக்கும் இங்கிலீஷ் வரலை,” என்றார் டீச்சர்.

மொதலாளி பெஞ்சில் உட்கார்ந்து, யாரும் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தார். அப்பா இறந்து, தான் பொறுப்புக்கு வந்த புதிது. கூரைமேல் ஒருவர் மூட்டை கட்டிக்கொண்டிருந்ததைப் பார்க்காமல் பஸ்ஸை எடுத்துவிட்டார்கள். அந்த ஆள் விழுந்து இடுப்பு ஒடிந்தது. அதற்கப்புறம் எழுந்து நடக்கவே இல்லை. அன்றிலிருந்துதான் இந்த விசில். தான் பார்க்காமல் ஒரு பஸ் அசையக் கூடாது.

டீச்சர் சாக்பீஸைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார். “இப்போ கூரைமேல யார் ஏறறா?”

“யாரும் ஏறுறதில்ல. மூட்டையெல்லாம் பின்னால உள்ள போடுதோம். கேரியரைக் கழட்டியே பல வருசமாச்சே.”

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு பஸ்ஸுக்கும், வெறும் தகரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்.

“நீங்க ஒருநாள் ஸ்டாண்டுல இல்லைன்னா என்ன ஆகும்?” என்று கேட்டார் டீச்சர்.

மொதலாளி பதில் சொல்ல வாயைத் திறந்தார். எப்போதும் அங்கே தயாராக இருக்கும் பதில் அன்றைக்கு இல்லை.

“தெரியலையே,” என்றார்.

7

மறுநாள் விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினார். ஆவுடைத்தாய் அதைப் பார்த்துவிட்டு, காய்ச்சல்தான் என்று முடிவு செய்து கஷாயம் வைத்தாள். அதையும் குடித்துவிட்டு, தன் பஸ் எதிலும் ஏறாமல், ஒரு குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போனார். டிரைவர்களிடம் முந்தின நாளே சொல்லிவிட்டார்: நாளைக்கு நான் வரல, நீங்க பாத்துக்கிடுங்க. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

பேரருவியில் போய் நின்றார். தண்ணீர் தலையில் அறைந்து பேச்சையெல்லாம் அடித்துக்கொண்டு போனது. ஈரத் தலையோடு பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மலை தெரியவில்லை, மேகம் சாலை வரைக்கும் இறங்கியிருந்தது. அருவிச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எல்லாப் பக்கமும் நிறைந்திருந்தது. அவருக்குத் தூக்கம் வந்தது.

தூக்கத்தில் மேகத்துக்குள்ளிருந்து பஸ்கள் இறங்கி வந்தன. எதிலும் டிரைவர் இல்லை. ஸ்டீரிங் தானாகத் திரும்பியது. எல்லாவற்றுக்கும் முன்னால் பழைய கரி வண்டி, புகை விட்டபடி. அதில் ஜன்னலோரமாக அப்பா உட்கார்ந்திருந்தார், சின்ன வயதாக, டிக்கெட் வாங்கிய பயணியாக. இவரைத் தாண்டிப் போகும்போது யாரோ தெரிந்தவரைப் பார்ப்பதுபோலப் பார்த்துச் சிரித்தார். இவர் கழுத்தைத் தடவினார். கழுத்தில் ஒன்றும் இல்லை. வண்டி நிற்காமல் போனது.

விழித்தபோது நிறுத்தத்தில் உண்மையான பஸ் நின்றது. சரியான நேரம். ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள், கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் போய்விட்டது. பெஞ்சில் இருந்தவரை யாரும் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸும் அப்படியே வந்து அப்படியே போனது. மொதலாளி பயந்துகொண்டிருந்த எதுவும் நடக்கவில்லை. அதுதான் அவருக்கு வலித்தது. டீக்கடைக்காரரிடம் இன்னொரு டீ சொன்னார், அது ஆறிப்போனது.

மதியத்துக்கு மேல் சங்கிலிப்பாண்டியின் பஸ் வர வேண்டும். வரவில்லை. சாலையில் ஆட்கள் குவிந்தார்கள். மொதலாளி எழுந்தார், உட்கார்ந்தார். தென்காசிப் பக்கமாகக் கொஞ்ச தூரம் நடந்தார், திரும்பினார். கூரையிலிருந்து விழுந்த அந்த ஆளின் முகம் வந்து வந்து போனது. அப்போது பஸ் வந்தது. வர வேண்டிய பக்கமிருந்து வரவில்லை, செங்கோட்டைச் சாலையிலிருந்து வந்தது.

கனி முதலில் குதித்து ஓடி வந்தார். அவருக்குத்தான் மொதலாளியை அங்கே கண்டதும் வியர்த்தது. நடந்ததை ஒரே மூச்சில் சொன்னார். குற்றாலத்துக்கும் செங்கோட்டைக்கும் சாலை பிரிகிற இடத்தில் வேறொரு கம்பெனி பஸ் அச்சு முறிந்து நின்றது. செங்கோட்டை போய் ரயில் பிடிக்க வேண்டிய கூட்டம், கைக்குழந்தைகளோடு மழையில் நின்றது. சங்கிலிப்பாண்டி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு, தன் பயணிகளையும் வைத்துக்கொண்டே, செங்கோட்டை போய் இறக்கிவிட்டு வருகிறார். அந்தச் சாலையில் இந்த பஸ்ஸுக்கு அந்த நேரத்தில் பெர்மிட் இல்லை. வழியில் ஓர் அதிகாரி பார்த்திருந்தால் பெர்மிட்டே போயிருக்கும். அதுவும் போட்டிக் கம்பெனியின் பயணிகளுக்காக.

சங்கிலிப்பாண்டி என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். தலையில் துண்டு, துண்டு முழுக்க ஈரம். மொதலாளிக்கு முன்னால் வந்து நின்றார். மன்னிப்புக் கேட்கிற முகம் இல்லை, சண்டைக்கு வருகிற முகமும் இல்லை.

8

இங்கே நிறுத்துகிறேன்.

காத்திருக்க வைக்க வேண்டாம், பின்னால் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சங்கிலிப்பாண்டிக்கு அரசாங்க உத்தரவு வந்தது. அவர் போகவில்லை. வேறொரு டிரைவர் போனார், அவரை மொதலாளியே பஸ் ஏற்றிவிட்டு வந்தார். மதுரைக் கூட்டத்தில் மொதலாளியின் வரவேற்புரை தலைவர் இருமி முடிப்பதற்குள் முடிந்துவிட்டது, நிறையக் கைதட்டல் வாங்கியது. எண்பதுகளில் புது பஸ் வாங்கியபோது எந்த வழியில் விடலாம் என்று ஷெட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினார்கள். பேசியதில் பாதி சண்டை. இலத்தூர் டிரைவர் சொன்னதைக் கேட்டு ஒரு நேரத்தை மாற்றிக் கெடுத்துக்கொண்டதும் உண்டு. திருவிழா நாட்களில் மொதலாளியின் கால்கள் அவரைக் கேட்காமலேயே ஸ்டாண்டுக்கு நடந்துவிடும். போய் நின்று, தன் கை நெஞ்சில் விசிலைத் தேடுவதைக் கண்டு, திரும்பி நடப்பார். கடைசி வரைக்கும் அவர் முழுதாக மாறினார் என்று நான் எழுதிக் கொடுக்க மாட்டேன்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். அந்தச் சாரலில், சங்கிலிப்பாண்டியைப் பார்த்து அவர் என்ன சொன்னார்?

“நீ செஞ்சது சரிதான்” என்று எழுதினேன். அப்போதும் நாற்காலியில் அவரே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறார். “பரவாயில்ல” என்று எழுதினேன். அது பொய், அவருக்கு உள்ளே நடுங்கிக்கொண்டிருந்தது. “பெர்மிட் போயிருந்தா யாருலே பதில் சொல்லுவா” என்று கத்த வைத்தேன். அதுதான் இயல்பாக வந்தது. ஆனால் அப்படிச் சொல்லியிருந்தால் சங்கிலிப்பாண்டி போயிருப்பார், மேலே எழுதிய பத்தியை நான் அழிக்க வேண்டும். “ஒரு தலைவர் தன் ஊழியரின் முடிவை மதித்து” என்று ஒரு வாக்கியம் தானாக வந்து நின்றது. இதழாசிரியருக்கு அதை அனுப்பிவைத்தேன். போட்டுக்கொண்டார்.

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் கேட்டிருக்காது. அருவி அவ்வளவு சத்தம். மொதலாளியின் உதடு அசைந்ததைப் பார்த்தார்கள், நீண்ட பேச்சில்லை, ஒரு வரி இருக்கும். சொல்லிவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சங்கிலிப்பாண்டி துண்டை எடுத்துப் பிழிந்தார்.

சங்கிலிப்பாண்டி கடைசியில் சொன்னது மட்டும் எனக்குக் கேட்கிறது. அதை எழுதிவிட்டேன். அதற்கு மேலே இருக்கும் வரி உங்களுடையது. அவசரம் இல்லை, பஸ் நிற்கிறது.

“. . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . . .”

“அது எனக்கும் தெரியல மொதலாளி. ஏறுங்க, போயிக்கிட்டே பேசுவோம்.”